அம்பாசடர் டயரும் எழுபது வளைவும்

ஹெல்மெட்டை மடியில வெச்சுக்கிட்டு மலை பஸ்ஸுல வர்ற ஆளை இன்னிக்குத்தான் தம்பி பார்க்கிறேன். பஸ்ஸு உருண்டா தலையாவது தப்பிக்கட்டும்னு முன்னேற்பாடா?

இல்லையா? வண்டி கீழ காரவள்ளியில நின்னு போச்சா? பின் டயரா? நூல் தெரியுதா? அடப் பாவமே. என்ன வண்டி, பெருசா? காலை முன்னால நீட்டிக்கிட்டு, சவரக்கடை நாற்காலியில சாஞ்ச மாதிரி உட்கார்ந்து ஓட்டுவாங்களே, அந்த ஜாதியா? அதுக்கு டயர் பெங்களூர்ல இருந்து வரணும், நாலு நாளாகும்னு மெக்கானிக்கு சொல்லியிருப்பான். சொன்னானா? சொல்லுவான். விலையைச் சொன்னப்ப உங்க மூஞ்சியைப் பார்க்க நான் இல்லாமப் போயிட்டேன்.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க பின் ரிம் எத்தனை இஞ்சு? பதினஞ்சா, பதினாறா?

தெரியாதா? பரவாயில்ல, யோசிச்சுச் சொல்லுங்க. கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. இப்பத்தான் ரெண்டாவது வளைவு போர்டு போகுது. எனக்கு மேல பத்து மணிக்குள்ள போயாகணும், மணி இப்ப எட்டே முக்கால். வயித்தைப் புரட்டற ஆளா இருந்தா இந்த எலுமிச்சம்பழத்தை மோந்துக்குங்க. எனக்குப் புரட்டாது. எனக்கு வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்தாத்தான் புரட்டும்.

என் பேரு அங்கமுத்து. நாமக்கல்ல டயர் ரீட்ரேடிங் பட்டறையில முப்பத்தாறு வருஷம். தேஞ்ச லாரி டயருக்குப் புதுத் தோல் போட்டு வேக வெச்சு எடுக்கிற வேலை. நாமக்கல்ல கோழிக்கு அடுத்தபடியா வேகறது டயர்தான். ஒரு டயரைக் கண்ணை மூடிக்கிட்டு மோந்து பார்த்தாப் போதும், எந்த ரோட்டுல ஓடுச்சுன்னு சொல்லிடுவேன். நாக்பூர் ரோட்டுக்கு ஒரு வாசம், மங்களூர் காட்டுக்கு ஒரு வாசம். ஒருக்கா ஒரு டயரை மோந்துட்டு, "இந்த வண்டி சேலத்துல ஒரு சந்துக்குள்ள அடிக்கடி நின்னிருக்குதே"ன்னு வெள்ளையாச் சொல்லிட்டேன். பக்கத்துல டிரைவரோட சம்சாரம் நின்னுச்சு. அப்புறம் அந்தக் குடும்பத்துல நடந்ததுக்கு நான் பொறுப்பில்ல.

நான் ஓய்வு பெறுறப்ப ஊரு உலகத்துல என்ன குடுப்பாங்க? சுவத்துக் கடிகாரம் குடுப்பாங்க. எங்க முதலாளி எனக்கு ஒரு மோட்டார் சைக்கிளைக் குடுத்தாரு. அவரு மகன் ஆசைப்பட்டு வாங்குன ஜப்பான் வண்டி. முந்நூறு கிலோ. பையன் வெளிநாடு போயிட்டான். வண்டி பட்டறை மூலையில கோழிக் கூடையோட கூடையா நின்னுச்சு. பின் டயர் மொட்டை. புதுசு வாங்கணும்னா ஒரு கறவை மாட்டு விலை. முதலாளி சொன்னாரு, "அங்கமுத்து, ஓட்டினா ஓட்டு, இல்லைன்னா எடைக்குப் போட்டுக்கோ."

நான் வண்டியைச் சுத்தி வந்தேன். டேப்பை எடுத்து பின் ரிம்மை அளந்தேன். பதினஞ்சு இஞ்சு. தம்பி, எனக்கு உடம்பு சிலுத்துப் போச்சு. ஏன்னு கேளுங்க. அம்பாசடர் காருக்கும் பதினஞ்சு இஞ்சுதான்!

அந்த மாசம்தான் அரசாங்க அம்பாசடர் ஒண்ணை ஏலத்துல எடுத்து உடைச்சாங்க. நாலு டயர், ஒரு ஸ்டெப்னி, அஞ்சையும் நான் கேட்டு வாங்கி வெச்சிருந்தேன். என்னத்துக்குன்னு அப்பத் தெரியாது. அதுல நல்லதா ஒண்ணை எடுத்து மோந்து பார்த்தேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வண்டி. சந்தேகமே இல்ல. சந்தன வாசமும் கார்பன் பேப்பர் வாசமும் கலந்து அடிச்சுது. பைக் டயர் ஓடறதைப் போல நாலு மடங்கு ஓடும், விலையோ கழுதை விலை. மாட்டறதுக்கு ரெண்டு நாளாச்சு. ரிம்முல உட்கார மாட்டேன்னு அடம் பிடிச்சுது. சோப்புத் தண்ணி ஊத்தி, காத்தை ஏத்தி, கும்பிட்டு உட்கார வெச்சேன். 'டொப்'புன்னு ஒரு சத்தம். பக்கத்துத் தெருவுல தீபாவளின்னு நெனச்சு குழந்தைங்க வெளிய வந்துருச்சு.

ஒம்பது. ஒம்பதாவது வளைவு தாண்டிட்டோம். டிரைவர் தேவலை.

தம்பி, அந்த வண்டி நேர் ரோட்டுல போற அழகு இருக்குதே! கரூர் பைபாஸ்ல விட்டேன். காவிரியில பரிசல் போற மாதிரி. பால் சொம்பைத் தலையில வெச்சுக்கிட்டு ஓட்டலாம். ஸ்டாண்டே போட வேண்டாம், தானா நிக்கும். பைக் டயருன்னா முட்டை மாதிரி, கீழ உருண்டையா இருக்கும். நம்மது அம்மிக்கல்லு மாதிரி தட்டையா உட்காரும். மூணு நாள் ஸ்டாண்டு இல்லாம வாசல்ல நின்னுச்சு. எங்க வீட்டுல பாவாயி, என் சம்சாரம், அதுல கொத்தவரை வத்தலைக் காயப் போட்டா.

திரும்பறதுல மட்டும் அதுக்கு ஒரு கௌரவம் உண்டு. அதைக் குறைன்னு சொல்ல மாட்டேன். நாம கைப்பிடியை இந்தப் பக்கம் சாச்சா, அது எழுந்து நேரா நிக்கும். அரசாங்க டயர் இல்லீங்களா, யாருக்கும் சாஞ்சு பழக்கமில்ல. முதல் நாள் கரூர்ல இருந்து திரும்பி வந்தேன். எங்க வீடு இடது கைப் பக்கம். சாச்சேன். வண்டி நேரா போயிருச்சு. பாவாயி வாசல்ல நின்னு பார்த்தா. ரெண்டு கிலோமீட்டர் போய், மைதானத்துல இறங்கித் தள்ளித் திருப்பிக்கிட்டு வந்தேன். மறுபடியும் தாண்டிட்டேன். மூணாவது தரம் தாண்டறப்ப பாவாயி கையாட்டுனா. "ஏனுங்க, சோறு போட்டு வெக்கட்டுங்களா, இல்ல அப்படியே சேலம் போறீங்களா?"ன்னா. பொம்பளைக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?

அடுத்த வாரம் ஒரு ஊரு. எந்த ஊருன்னு கேக்காதீங்க. ரோடு வலது பக்கம் திரும்புது. நானும் வலது பக்கம்தான் சாச்சேன். வண்டி நேரா ஒரு காம்பவுண்டு கேட்டுக்குள்ள புகுந்துருச்சு. பார்த்தா ஆர்.டி.ஓ. ஆபீஸு! லைசென்ஸ் வாங்க வந்தவங்க எல்லாம் வரிசையா எட்டுப் போட்டுக்கிட்டு இருக்காங்க. நடுவுல போய் நின்னேன். இன்ஸ்பெக்டர் நோட்டோட வந்தாரு. குனிஞ்சு பார்த்தாரு.

"யோவ், இது கார் டயர் இல்ல?"

"ஆமாங்க. உங்க ஆபீஸ் வண்டி டயர்தானுங்க. பொறந்த வீட்டு ஞாபகம் வந்து உள்ள பூந்துருச்சுங்க."

அவரு நோட்டைப் பிரிச்சாரு. "எங்கே, ஒரு எட்டுப் போட்டுக் காட்டு"ன்னாரு.

நான் ஒண்ணு போட்டேன்.

அந்தக் கோடிச் சுவரு வரைக்கும் நேரா ஒண்ணு. அவ்வளவு நேரான ஒண்ணை அந்த மைதானம் பார்த்திருக்காது. இன்ஸ்பெக்டர் நோட்டை மூடிட்டு, "நான் கண்ணை மூடி இருபது எண்ணுவேன். திறக்கறப்ப நீ இங்க இருக்கக் கூடாது"ன்னாரு. பார்த்தீங்களா, பழைய ஆபீஸ் வண்டிங்கிற மரியாதை!

இருபத்தி மூணு. கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க, இந்த எடத்துல கொஞ்சம் வெடுக்குன்னு வரும். ம், வந்துச்சா?

இப்ப ஏன் பஸ்ஸுல வர்றேன்னு கேப்பீங்க. கேக்கலைன்னாலும் சொல்லிடறேன். மலை மேலதான் எங்க குலசாமி கோயில். எங்க அக்கா மகள் பூங்கொடி மேலதான் வாழ்க்கைப்பட்டிருக்குது. பூங்கொடிக்கு ஒரு பொட்டப்புள்ள, தர்ணிகா. எங்க பக்கம் குழந்தைக்குக் காது குத்தறப்ப தாய்மாமன் மடியிலதான் உட்கார வெக்கணும். பூங்கொடிக்குக் கூடப் பொறந்தவன் கிடையாது. அப்ப யார் மடி? பூங்கொடிக்கே என் மடியிலதான் காது குத்துனோம். அக்கா தங்கச்சிங்க பெத்தது ஏழு, ஏழும் என் மடிதான். இந்த மடியில அழாத கழுதை கிடையாது. இதுக்கு மேல ஒரு ஆளுக்கு என்ன தகுதி வேணும்?

ஆனா குப்பண்ணன்னு ஒருத்தன் இருக்கான். மோகனூர்க்காரன். பூங்கொடியோட பெரியப்பன் மகன், அண்ணன் முறை. முறைப்படி பார்த்தா அவன்தான் மாமன்னு நாலு பேர் சொல்லுவாங்க. நாலு பேர் என்ன, நம்ம ஜனம் பூராவுமே சொல்லும். ஜனத்துக்கு என்ன தெரியும்? அவன் மடியைப் பார்த்திருக்கீங்களா? எலும்பு. பலகையில உட்கார்ந்த மாதிரி இருக்கும் குழந்தைக்கு.

ரெண்டு வருஷத்துக்கு முன்ன தர்ணிகாவுக்குக் காதுகுத்து. பத்தரைக்குள்ள நல்ல நேரம். நான் விடியக்காலை ஆறுக்கே பாவாயியைப் பின்னால உட்கார வெச்சு, சீர்த் தட்டை அவ மடியில குடுத்து, கிளம்பிட்டேன். காரவள்ளி வரைக்கும் ராஜா மாதிரி வந்தோம். முதல் வளைவு. சாச்சேன். வண்டி எழுந்து நின்னுக்கிட்டு நேரா பாறையைப் பார்க்குது. பிரேக்கைப் போட்டேன். இறங்குனோம். ரெண்டு பேரும் சேர்ந்து பின்பக்கத்தை நவுத்தி நவுத்தித் திருப்புனோம். ஏறுனோம். ரெண்டாவது வளைவு. இறங்குனோம், நவுத்துனோம், ஏறுனோம். ஒரு வளைவுக்கு நாலு நிமிஷம். அப்ப எழுபதுக்கு எத்தனைன்னு நீங்களே போட்டுக்குங்க.

பன்னண்டாவது வளைவுல பாவாயி இறங்குனா, ஏறல. தட்டைத் தலையில வெச்சுக்கிட்டு நின்னா. "ஏனுங்க, நீங்களும் உங்க டயரும் பேசி முடிச்சுட்டு வாங்க"ன்னா. அந்த நேரம் பார்த்து வெள்ளையம்மான்னு ஒரு அன்னாசிப்பழக்காரி, டி.வி.எஸ். பிப்டியில ரெண்டு பக்கமும் சாக்கைக் கட்டிக்கிட்டு வந்துச்சு. அதுல ஏறிப் போயிட்டா! புருஷன் கிட்ட முந்நூறு கிலோ ஜப்பான் வண்டி நிக்குது, இவ கொசு மாதிரி ஒரு வண்டியில, பழச் சாக்குக்கு மேல உட்கார்ந்து போறா. எனக்கு எவ்வளவு அவமானம்! அன்னியில இருந்து அந்த வெள்ளையம்மாளும் இவளும் ஒட்டிக்கிட்டாங்க. மாசம் ஒருக்கா அந்த வண்டியிலயே மலை ஏறிடுவா. தர்ணிகாவுக்குத் தலை பின்னி விடறாளாம், கவுன் தெச்சுக் குடுக்கறாளாம். குழந்தை பொழுதுக்கும் இவ முந்தானையிலயே கெடக்குமாம். வேலை இல்லாதவ.

நான் போய்ச் சேர்றப்ப பதினொண்ணரை. வலது காதைக் குப்பண்ணன் மடியில வெச்சுக் குத்திட்டானுங்க. குத்துனதும் குழந்தை வீல்னு கத்தி, குப்பண்ணன் கையைக் கடிச்சுட்டு, எறங்கி ஓடிருச்சு. ஒரு மணி நேரமா கோயிலைச் சுத்தித் தேடறாங்க. முறுக்கைக் காட்டிப் பிடிச்சுக்கிட்டு வர்றாங்க, நான் வண்டியை நிறுத்தறேன். வேர்வையைக்கூடத் தொடைக்கல. குப்பண்ணன் கைக்கு மஞ்சள் வெச்சுக் கட்டிட்டு வர்றதுக்குள்ள பலகையில உட்கார்ந்துட்டேன். இடது காது என் மடி!

ஒரு குழந்தை, ரெண்டு காது, ரெண்டு மாமன். அன்னியில இருந்து எங்க ஜனத்துல நான் பாதி மாமன், அவன் பாதி மாமன். எந்த விசேஷத்துக்குப் போனாலும், "இடது காது வந்துட்டாரா? வலது காது வந்தாச்சா?"ன்னு கேலி. குப்பண்ணனுக்கும் எனக்கும் அதோட பேச்சு நின்னு போச்சு.

முப்பத்தெட்டு. பாதிக்கு மேல வந்துட்டோம். மணி என்ன? ஒம்பதே காலா? சரி, சரி.

இப்பக் கேளுங்க. போன மாசம் அந்தப் புள்ளைக்கு ஒரு காது தூர்ந்து போச்சு. எந்தக் காதுன்னு நெனைக்கிறீங்க? வலது! நான் ஒண்ணும் சொல்லல. தோடு கழண்டு விழுந்து, யாரும் கவனிக்காம தூர்ந்துருச்சுன்னு பூங்கொடி சொல்லுது. நான் ஒண்ணும் சொல்லல. என் மடியில குத்துன காது மட்டும் கிணறு மாதிரி அப்படியே இருக்குது. அவ்வளவுதான் சொல்றேன்.

திரும்பக் குத்தணுமில்லையா? ரெண்டு பேரும் பூங்கொடிக்குப் போன் போட்டோம். நான் நாலு தரம். அவன் அஞ்சு தரம். பூங்கொடி வெறுத்துப் போயிருச்சு. "ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் குத்தறோம். அதுக்குள்ள யார் முதல்ல வர்றாங்களோ, அவங்க மடி. அப்புறம் என் வீட்டுல இந்தப் பேச்சே இருக்கக் கூடாது"ன்னுருச்சு. இன்னிக்குத்தான் தம்பி அந்த வெள்ளிக்கிழமை.

பாவாயி என்கிட்ட, "இந்தத் தடவை பஸ்ஸுல வாங்க, இல்லைன்னா மடி போச்சு"ன்னா. சொல்லிட்டு அவ நேத்தே அந்த வெள்ளையம்மா வண்டியில போயிட்டா. பூ கட்டணுமாம்.

இதுக்கு நடுவுல, பத்து நாளைக்கு முன்ன, குப்பண்ணன் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னான். ரெண்டு வருஷம் கழிச்சு! "மாமா, நீங்க பஸ்ஸுல போறீங்களாமே, அந்தப் பெரிய வண்டியை எனக்குக் குடுத்துருங்களேன்"னான். அவனுக்கு அதுமேல ஆரம்பத்துல இருந்தே ஒரு கண்ணு. அன்னிக்கு நான் மலை ஏறுன லட்சணம் அவனுக்குத் தெரியாதான்னு கேக்கறீங்களா? நான் என்ஜின் சூடேறி நின்னதுன்னுதானே எல்லாருக்கும் சொல்லியிருந்தேன். டயரோட மானத்தை நான் விட்டுக் குடுப்பனா?

"எடுத்துக்கோ கண்ணு"ன்னேன்.

"டயர் எப்படி மாமா?"

"நேர் ரோட்டுல ராஜா"ன்னேன்.

நேர் ரோட்டுலன்னு சொன்னேன், கவனிச்சீங்களா? ஒரு வார்த்தை பொய் இல்ல. என் பொழப்புல டயர் விஷயத்துல நான் பொய் சொன்னதே கிடையாது. அவன் எங்க ஓட்டிப் பார்த்தான்? மோகனூர் வாய்க்கால் ரோட்டுல. ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி ரோடு அது. மூணாம் நாள் போன் பண்றான், "மாமா, விமானம்!"ங்கறான். ஆசி சொன்னேன். வேற என்ன செய்யணும்ங்கறீங்க?

சிரிக்காதீங்க தம்பி. உறவு ஒட்டுச்சேன்னு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இந்த வெள்ளிக்கிழமை எனக்கு ஞாபகத்துலயே இல்ல. இருந்தாலும் பெருசா இல்ல.

ஐம்பத்தி ஏழு. ஐம்பத்தி எட்டு. ஏன் நிக்குது? ஏனுங்க டிரைவர், ஏன் நிறுத்திட்டீங்க? தம்பி, நீங்க ஜன்னல் ஓரம் இருக்கீங்க, எட்டிப் பாருங்க. என்ன? வண்டி குறுக்க நிக்குதா? என்ன வண்டி? கறுப்பா? பெருசா? நேரா தடுப்புச் சுவத்தைப் பார்த்துக்கிட்டு, ஸ்டாண்டு போடாம நிக்குதா?

ஆளு எப்படி இருக்கான்? பட்டு வேட்டியா? வேட்டியில கிரீஸா? பக்கத்துல உட்கார்ந்து தலையில கையை வெச்சிருக்கானா? அடி கிடி படலையே? நல்லாப் பாருங்க. படலையா? சாமி காப்பாத்துச்சு.

இல்ல தம்பி, சிரிக்கல. இருமல். டயர்ப் புகையில முப்பத்தாறு வருஷம் நின்னவன்.

நாலு பேர் இறங்கி ஓரமாத் தள்ளுங்கப்பா! பின்பக்கத்தை நவுத்துங்க, முன்பக்கத்தைத் தொடாதீங்க, அது தானா நிக்கும்! கண்டக்டர், அது நம்ம ஆளுங்க, ஏத்திக்குங்க. டேய் குப்பண்ணா! ஏறு கண்ணு! அழாத, ஏறு!

பின்னால ஏறச் சொல்லுங்க கண்டக்டர், முன்னால கூட்டமா இருக்குது. தம்பி, காதைக் குடுங்க. சீட்டு வேணும்னா குடுக்கலாம், மடியை விட்டுக் குடுக்க முடியாது. முன் படிக்கட்டு நம்ம சீட்டுக்கு ரெண்டு அடி. இறங்கறப்ப நான்தான் முதல்ல.

அட, இவன் கூட்டத்தைப் பொளந்துக்கிட்டு முன்னாலயே வந்துட்டானே. வா குப்பண்ணா. இந்தத் தம்பிக்கு வணக்கம் சொல்லு. எத்தனை மணிக்குக் கிளம்புன?

"நாலு மணிக்கு மாமா."

காலையில நாலா? பலே. அப்ப வளைவுக்கு நாலு நிமிஷத்தை விட நல்லாவே... என்னை அப்படிப் பார்க்காத. நான் என்ன பண்ணுனேன்?

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மாமா."

சொன்னேனே. நேர் ரோட்டுலன்னு சொன்னேனா, இல்லையா? இந்தத் தம்பியைக் கேளு.

பாருங்க, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். பஸ்ஸு வளைவுல சாஞ்சா இவனும் எவ்வளவு நல்லாச் சாயறான். அறுபத்தி ஒண்ணு. மணி ஒம்பதே முக்கால். இன்னும் ஒம்பது வளைவு.

இருங்க, போன் அடிக்குது. பாவாயிதான். "என்ன? வந்துட்டேன், அறுபத்தி ரெண்டு! கூட குப்பண்ணனும்... என்னது? மெதுவா வரணுமா? ஏன்?... முடிஞ்சு போச்சா? பத்து ஆகலையே!... ஆசாரிக்கு வேற எடத்துல அவசரமா? அதுக்கு? யாரு மடியில வெச்சு... உன் மடியா?"

...

"முதல்ல வந்தவங்க மடின்னா? நீ எப்ப... நேத்து சாயங்காலமே வந்துட்டியா. ஆமா, வந்துட்ட. சரி. அழுதுச்சா?... தூங்கிருச்சா? குத்தறப்பவா?... சரி, சரி. சாப்பாடு இருக்குதில்ல? வெச்சுடு."

கேட்டியா குப்பண்ணா? அந்தக் கொசு வண்டியில போனவ. விடு. இடது காது என்னுது, அதை யாரும் புடுங்க முடியாது. உன் காதுதான் போச்சு.

உட்காரு. தம்பி, கொஞ்சம் ஒண்டிக்குங்க, மூணு பேர் உட்காரலாம். இந்தா, எலுமிச்சம்பழத்தை மோந்துக்கோ. முகத்தைத் தொடை. அட, தொடைடா.

என்னடா முணுமுணுக்கற?

"இல்ல மாமா... கீழ காரவள்ளி வரைக்கும், அந்த நேர் ரோட்டுல..."

ம்?

"ராஜா மாமா."

கேட்டுக்குங்க தம்பி! நான் சொன்னப்ப நம்பல நீங்க. இப்ப இவன் வாயாலயே வந்துருச்சு. எனக்கு வேண்டியவன்கூட இல்ல இவன், எதிராளி! தம்பி, அந்த அம்பாசடருக்கு ஸ்டெப்னியோட சேர்த்து அஞ்சு டயருன்னு சொன்னனில்ல. ஒண்ணுதான் போயிருக்குது. நாலு அப்படியே வீட்டுல இருக்குது. இப்பவாவது யோசிச்சுச் சொல்லுங்க, உங்க பின் ரிம்மு எத்தனை இஞ்சு?